கவலைக்கு மதிப்பெண்

அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது ஒரு பனிக்கரடி. சுவரின் முழு அகலத்துக்கும் ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தார்கள். உருகும் பனித்துண்டு ஒன்றின் மேல் அது தனியாக நின்றிருந்தது. மூலையில் கம்பெனியின் முத்திரை. வெளியே கும்மிடிப்பூண்டியின் மே மாத வெயில் தகரக் கூரைகளை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏ.சி. குளிர் என் முழங்கையைச் சிலிர்க்க வைத்தது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் தொழிற்சாலை அது. பத்தடி தள்ளி உலைக்கூடம். அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பனிக்கரடியைக் காட்டிக் கவலைப்படச் சொல்லப்போகிறோம் என்ற நினைப்பிலேயே எனக்கு வாயில் புளிப்பு ஊறியது.

நான் படித்தது உளவியல். திருவள்ளூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்த ஆலோசனை மையத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பரீட்சைக்குப் பயந்து வாந்தி எடுக்கும் பிள்ளைகள், குடிக்கிற கணவனைக் கையைப் பிடித்து இழுத்துவரும் மனைவிகள், ஒரே வீட்டில் பேச்சில்லாமல் வாழ்கிறவர்கள், இவர்கள்தாம் எங்களிடம் வருவார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மையத்தின் இயக்குநருக்கு அது போதவில்லை. நன்றாகப் பேசுகிறவர். காக்களூர் எஸ்டேட்டில் சின்னச் சின்ன கம்பெனிகளைப் பிடித்து மன அழுத்த முகாம்கள் நடத்த ஆரம்பித்தார். பிறகு பெரிய இடங்களுக்குத் தாவினார். அப்படி வந்ததுதான் இந்த இரும்புக் கம்பெனி.

கம்பெனியிடம் கம்பி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்களாம். பருவநிலை மாறிக்கொண்டிருக்கிறதே, உங்கள் தொழிலாளிகளின் மனநிலை எப்படி இருக்கிறது, அதை அளந்து சொல்லுங்கள் என்று. அளக்கும் வினாத்தாளையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். சென்னையில் யாரோ அதைத் தமிழாக்கியிருந்தார்கள். ‘காலநிலை மாற்றம் குறித்த எனது எண்ணங்கள் எனது உறக்கத்திற்கு இடையூறு விளைவிக்கின்றன’ என்பது போன்ற வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து வட்டங்கள். ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரங்களில், அடிக்கடி, எப்போதும். வட்டங்களுக்கு மதிப்பெண் உண்டு. கூட்டினால் ஒரு மனிதனின் கவலை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அளவுகோல்கள் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. அதைச் சொல்லிவிட வேண்டும். வாயே திறக்காத ஒரு பெண் எங்கள் மையத்துக்கு மூன்று முறை வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுப் போனாள். நாலாம் முறை நான் ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேள்விகளைப் படித்தபோது, ‘காரணமில்லாமல் அழுகை வருகிறதா’ என்ற இடத்தில் உடைந்தாள். தாளிலிருக்கும் கேள்வி சில சமயம் ஆள் கேட்கும் கேள்வியைவிடக் கூச்சம் குறைந்தது. ஆனால் அதற்குக் கதவு சாத்தியிருக்க வேண்டும். சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை வேண்டும்.

இந்தத் தாளின் தமிழ் எனக்கு முதல் பார்வையிலேயே இடித்தது. எங்கள் பக்கத்தில் யாரும் ‘பதற்றம்’ என்று சொல்வதில்லை. வயிற்றைக் கலக்குகிறது என்பார்கள், பேஜாராக இருக்கிறது என்பார்கள். திருப்பாச்சூர் பக்கம் நெற்பயிர் வைக்கும் என் அப்பா, கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்த நெல் பருவம் தப்பிய மழையில் முளைவிட்ட வருடத்தில் கவலை என்ற சொல்லை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு “பசிக்கல” என்பார், அவ்வளவுதான். அவரிடம் இந்தத் தாளைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு வரி படித்துவிட்டு, “இது யார பத்திம்மா?” என்று கேட்டார்.

சொற்களை மாற்றித் தரட்டுமா என்று இயக்குநரிடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். இது சோதித்து உறுதி செய்யப்பட்ட அளவுகோல், ஒரு சொல்லைத் தொட்டாலும் செல்லாது, கேள்வியை அப்படியே படிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது என்றார். சரி, ஒவ்வொருவரையும் தனி அறையில் வைத்துக் கேட்க வேண்டும், தாளில் பெயர் இருக்கக் கூடாது என்றேன். அதற்கெல்லாம் தலையாட்டினார்.

தனி அறை எதுவும் இல்லை. பனிக்கரடிக் கூடம்தான். வாசலில் மனிதவள அதிகாரி என்னை வரவேற்றார். என் வயதிருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல், கழுத்து அட்டையோடு, நெருங்கினால் தொண்டையை அடைக்கும் வாசனைத் திரவியத்தோடு இருந்தார். “மேடம், நாஷ்டா ஆச்சா?” என்று மிக இனிமையாக விசாரித்தார். மேசையில் வினாத்தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் கம்பெனி கொடுத்திருக்கும் டோக்கன் எண்.

எதற்கு என்று கேட்டேன். வருகைப் பதிவுக்கு என்றார். வருகைக்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். சிரித்தார். நான் வெளியே வந்து இயக்குநருக்குப் போன் செய்தேன். வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுக்க வேண்டும், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்றார். திரும்பி வந்து, தொழிலாளிகள் வந்து உட்கார்ந்ததும், எண் எழுத வேண்டிய அவசியமில்லை, உங்கள் பதிலை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று மைக்கில் சொன்னேன். அதிகாரி என் கையிலிருந்து மைக்கை மென்மையாக வாங்கினார்.

“மேடம் புதுசு. டோக்கன் நம்பர் எல்லாரும் கட்டாயம் எழுதணும். அப்புறம் இன்னொரு விஷயம். மனசுல பிரச்சினை உள்ளவங்கள ஃபர்னேஸ் பக்கத்துல நிக்க வைக்க முடியாது. சேஃப்டி. அதனால யோசிச்சு, நல்லபடியா டிக் பண்ணுங்க.”

நல்லபடியா என்ற அந்தச் சொல்லை அவர் அழுத்திய விதம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

உலைப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் சட்டைகளில் வியர்வை காய்ந்து உப்பு வரி வரியாகப் படிந்திருந்தது. பலர் சுற்று வட்டாரத்துக்காரர்கள். அவர்களுடைய அப்பாக்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏ.சி. காற்றில் பாதிப் பேருக்குக் கண் சொருகியது. ஒருவர் என்னிடம் மெதுவாக, கடைசியாகத் தாளைக் கொடுத்தால் பரவாயில்லையா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் குளிரில் இருக்கலாம் என்ற ஆசை. கேள்வியை யாரும் படிக்கவில்லை. முதல் வட்டத்தில் ஆரம்பித்து ஒரே கோடாகக் கீழே இறங்கினார்கள். ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை. அதிகாரி பரீட்சைக் கூடத்து மேற்பார்வையாளர் மாதிரி வரிசைகளுக்கு நடுவே நடந்து, குனிந்து பார்த்து, தோளில் தட்டிக்கொடுத்தார்.

கடைசியாகப் பழைய இரும்பு யார்டுப் பெண்கள் வந்தார்கள். லாரியில் வந்து கொட்டும் குப்பை இரும்பை வெட்டவெளியில் உட்கார்ந்து ரகம் பிரிப்பவர்கள். கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்களைச் செருப்பை வெளியே விடச் சொன்னார் அதிகாரி. தரை அழுக்காகிவிடுமாம். அதற்கு முன்னால் ஆண்கள் கரி படிந்த பூட்ஸோடு வந்துபோயிருந்தார்கள், தரை முழுக்க அவர்கள் தடம்தான். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தன. மேலே உட்காருங்கள் என்றேன். என்னைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்தார்கள். அப்போதே தாள்களை அவர் முகத்தில் எறிந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

அவர்களில் நாற்பது கடந்த ஒரு பெண், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை போட்டிருந்தவர், தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுத்து பொடியாக இருக்கிறது, படித்துச் சொல்ல முடியுமா என்றார். அவரை மூலைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே நானும் உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியைப் படித்ததும், “காலநிலை மாற்றம்னா இன்னா மேடம்?” என்று கேட்டார்.

விளக்கம் சொல்லக் கூடாது என்ற விதியை நான் மதிக்கவில்லை. வருடா வருடம் வெயில் ஏறுகிறதே, மாதக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டுகிறதே, அதுதான் என்றேன். அவர் உட்கார்ந்திருந்த விதமே மாறியது. முதுகை நிமிர்த்தி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“அத்த கேக்குறீங்களா? கேளுங்க.”

தூக்கம் கெடுகிறதா என்றேன். எப்போதும் என்றார். பிறகு அவராகவே சொன்னார். போன கோடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரும்பு பிரித்தவள் தலை சுற்றுகிறது என்று எழுந்துபோய் லாரி நிழலில் உட்கார்ந்தாளாம். சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது சாய்ந்து கிடந்தாள். உடம்பைத் தொட்டால் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதய நோய் என்று எழுதிவிட்டார்கள். அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. வெயில் ஏற ஏற இவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். மழை வந்தால் வேறு பயம். கால்வாய் ஓரத்து வீடு. ஒரு மழைக்காலத்தில் எண்ணெய் மிதக்கும் கறுப்புத் தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறியது. மகளை இழுத்துக்கொண்டு பக்கத்து மாடிக்கு ஏறினார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் அந்த எண்ணெய்க் கோடு போகவில்லை, சுண்ணாம்பு அடித்தாலும் மேலே ஊறி வருகிறது.

இந்தக் கவலை உங்கள் வேலையைக் கெடுக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

“வேல நடந்துனுதான் கீது மேடம். கை நடுங்கினே பொறுக்குறேன்.”

அதற்கு எந்த வட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. அடிக்கடி என்று போட்டேன். மற்றவற்றுக்கெல்லாம் எப்போதும் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பதிலையும் மனதில் தேடி எடுத்துத்தான் சொன்னார். அந்த நாள் முழுக்க அந்தத் தாளை மதித்த ஒரே ஆள் அவர்தான். நாங்கள் முடிக்கும் நேரம் அந்த வாசனைத் திரவியம் என் பின்னால் வந்து நின்றது. டீக் கோப்பையோடு அதிகாரி.

“என்னம்மா, ஒலகத்தையே நீதான் தலையில தூக்கிட்டு இருக்கியா?”

தரையில் இருந்த பெண்கள் சிலர் சிரித்தார்கள், அதிகாரி சொன்னதற்குச் சிரிக்க வேண்டுமே என்ற சிரிப்பு. இவர் சிரிக்கவில்லை.

“நான் தூக்கல சார். அதுதான் மேல வந்து உழுவுது.”

அதிகாரியின் கண்ணில் படாமல் நான் தாளைத் திருப்பி வைத்தேன். ஆனால் தலைப்புக் கட்டத்தில் அவருடைய எண்ணை அவரே முதலில் எழுதியிருந்தார், முத்து முத்தாக.

திருவள்ளூருக்குத் திரும்பி மதிப்பெண்களைக் கூட்டினேன். அத்தனை பேருக்கும் அடிமட்டம். அவருக்கு மட்டும் உச்சம். இயக்குநரிடம் போய், இது எதற்கும் உதவாது, மிரட்டி வாங்கிய பதில்கள், அறிக்கையில் அதைத்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நாம் தராசு மாதிரி, அரிசியை எடை போடுவதோடு நம் வேலை முடிந்தது, அது ஏன் ஈரமாக இருக்கிறது என்று தராசு கேட்கக் கூடாது என்றார். இதை அவர் முன்பே பல கூட்டங்களில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அவ்வளவு வழவழப்பாக வந்தது.

அறிக்கையை அவரே எழுதினார். பச்சை நிறத்தில் வரைபடங்கள். தொழிலாளிகளிடம் காலநிலைக் கவலை ஏறத்தாழ இல்லை, அவர்கள் மன உறுதி மிக்கவர்கள், நிர்வாகத்தின் அக்கறையே இதற்குக் காரணம் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ஒரு நபருக்கு மட்டும் மனநல மருத்துவப் பரிசோதனை தேவைப்படலாம். அடைப்புக்குள் டோக்கன் எண். இதை நான் பார்த்தது அறிக்கை போன பிறகு. எடுக்கச் சொன்னேன். போனது போனதுதான், அந்த அம்மாவின் நல்லதுக்குத்தானே என்றார். அவர் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு நாள் காலை அந்த அம்மா எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பேருந்து நிலையத்தில் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்குக் கட்டும் புடவையாக இருக்க வேண்டும், மடிப்பு இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

கான்ட்ராக்டர் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். மனசு சரியில்லை என்று ஆபீசில் அறிக்கை வந்திருக்கிறது, டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றானாம். செய்தி அவர் வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் ஒருத்தி, ராத்திரியில் ஏதாவது உருவம் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் பெண்கள் அவரைச் சுற்றி நின்று தலையில் கை வைத்து, கெட்ட ஆவி விலக வேண்டும் என்று ஜெபித்திருக்கிறார்கள்.

“நல்லதுக்குத்தான் பண்ணாங்க,” என்றார். “ஆனா நான் கண்ண மூடல மேடம். எல்லார் மூஞ்சியும் பாத்துனே இருந்தேன்.”

பிறகு கேட்டார்: “நான் பைத்தியம் இல்லன்னு எய்தித் தர்றீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் இயக்குநர் அறையிலிருந்து வெளியே வந்தார். யார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. உட்காருங்கம்மா என்றார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கவலைப்படாதீர்கள், எங்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது, சில வாரம் ஆலோசனைக்கு வாருங்கள், உங்களுக்குச் சலுகைக் கட்டணம், முடிவில் தகுதிச் சான்றிதழ் நாங்களே தருகிறோம் என்றார். நோயை வைத்ததும் அவர், மருந்து விற்பதும் அவர். அதைக் கூச்சமில்லாமல், பரிவான குரலில், கைகளைக் கோத்துக்கொண்டு சொன்னார். அந்த அம்மா நம்பிக்கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வாங்கக்கா, போலாம்,” என்றேன்.

கீழே டீக்கடையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். இவருடைய மனம் தெளிவாக இருக்கிறது, இவர் சொன்ன அச்சங்களுக்குக் கண்ணால் பார்த்த காரணங்கள் உள்ளன, இவை நோயல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே அவரோடு கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன். பெரியபாளையத்தில் பஸ் மாறினோம். இரண்டாவது பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எஸ்டேட் நெருங்க நெருங்க மரங்களின் இலைகள் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தன.

அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார், அதாவது என்னை. நான் அந்த அம்மாவுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதிகாரி தாளைப் படித்தார்.

“நீங்க டாக்டர் இல்லையே மேடம்.”

இல்லை என்றேன். அளந்தது நான்தான், அப்போது டாக்டர் தேவைப்படவில்லையே என்றேன். அவர் கோபப்படவில்லை. இவர்கள் யாருமே கோபப்படுவதில்லை. நாளைக்கு யார்டில் இந்தம்மாவுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, அவங்க பாதுகாப்புக்குத்தான் இந்த ஏற்பாடு என்று விளக்கினார். யார்டில் நிழல் உண்டா என்று கேட்டேன். அது வேறு துறை என்றார்.

என் பையில் ஒரு வெற்று வினாத்தாள் இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்து, நீங்கள் நிரப்புங்கள் என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. பேனாவைத் திறந்து, கேள்விகளின் மேல் கண்ணை ஓட்டாமலே, முதல் வட்டங்களில் மேலிருந்து கீழாகக் குறியிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

“இப்படித்தான் மேடம் இருக்கணும். பாசிட்டிவா. நான் இருக்கறது மூணாவது மாடி. மழை வந்தா லேப்டாப்ப வீட்லயே தொறந்துக்குவேன். எனக்கு எதுக்குக் கவலை?”

இதை அவர் பெருமையாகவே சொன்னார். மறைக்க வேண்டிய விஷயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்த அம்மா பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“எங்கூட வேல செஞ்சவ செத்தப்போ ஹார்ட்டுன்னீங்க. நான் பயந்துனு கீறேன்னா மெண்டல்ன்றீங்க. அப்போ எப்டி இருந்தா சார் நல்ல மனசு?”

அதிகாரி மணிக்கட்டைப் பார்த்தார். அடுத்து ஒரு கூட்டம் இருக்கிறது என்றார். காவலாளி வந்து மரியாதையாக எங்களை வெளி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நான் எழுதிக் கொடுத்த தாள் அதிகாரியின் மேசையிலேயே கிடந்தது.

வெளியே யார்டுப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் மதிலோரம் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உள்ளே நடந்ததை இவர் சொன்னார். கூடத்தில் அன்றைக்குச் சிரித்தவர்களும் அங்கே இருந்தார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒருத்தி தன் டப்பாவிலிருந்து சோற்றை எடுத்து மூடியில் வைத்து இவரிடம் நீட்டினாள். எனக்கும் ஒரு மூடி வந்தது. சாப்பிட்டேன். அதன் பிறகு நான் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது. பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் நடந்தது அந்த அம்மா போனில் சொல்லித்தான் தெரியும். காலையில் யார்டுப் பெண்கள் ஒருவரும் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் பைக்கில் வந்து என்னவென்று கேட்டிருக்கிறான். எங்களுக்கும் மனசு சரியில்லை, எல்லாரும் டாக்டரைப் பார்க்கப் போகிறோம், எழுதி வாங்கிக்கொண்டு வந்து வேலை செய்கிறோம் என்றிருக்கிறார்கள். அவன் முதலில் சிரித்தான், பிறகு கத்தினான், பிறகு போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் பெரிய சாலைவரை நின்றுவிட்டன. டிரைவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். உலைக்கூடத்து ஆண்கள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. யாரோ ஒருவர் மட்டும் உள்ளேயிருந்து ஒரு கேன் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மத்தியானம் தாண்டியதும் கான்ட்ராக்டர் வந்து, அந்த அம்மாவைப் பார்த்து நீயும் வா, எல்லாரும் உள்ளே போங்கள் என்றான். டாக்டர் சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆபீசிலிருந்து யாரும் எட்டிப்பார்க்கவில்லை. நிழல் வேண்டும் என்றும் பெண்கள் கேட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில், நர்சரிச் செடிகளுக்குக் கட்டுவார்களே, அந்தப் பச்சை வலையை யார்டின் ஒரு மூலையில் கட்டினார்கள். முதல் காற்றிலேயே கிழிந்து தொங்கியது. மறுபடி கட்டவில்லை.

நான் மையத்தை விட்டு விலகினேன். இயக்குநர் காரணம் கேட்டார். அருவருப்பாக இருக்கிறது என்றேன். உங்களுக்கு ஓய்வு தேவை, நிறைய பேரின் துன்பத்தைக் கேட்டு நீங்கள் சோர்ந்துவிட்டீர்கள் என்றார். அதற்கும் ஒரு வினாத்தாள் அவரிடம் இருந்திருக்கும். என் இடத்துக்கு அப்போதுதான் படிப்பை முடித்த ஒரு பெண் வந்தாள். மேசையைக் காலி செய்யும்போது அவளிடம், கதவைச் சாத்தாமல் யாரிடமும் எதையும் கேட்காதே என்று சொன்னேன். தலையாட்டினாள். என்னைப் பற்றி அவளுக்கு என்ன சொல்லியிருந்தார்களோ, ஒரு நோயாளியிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினாள்.

சில மாதம் கழித்து ஒரு செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. கம்பெனி வளாகத்தில் மரக்கன்று நடுகிறார்கள். தொழிலாளர் நலனில் சிறந்து விளங்குவதற்காக யாரோ கொடுத்த சான்றிதழை அதிகாரி ஏந்தியிருக்கிறார். பக்கத்தில் எங்கள் இயக்குநர், அதே கோத்த கைகளோடு. அப்பா அந்தப் பேப்பரை விரித்து வைத்துக் காய்ந்த மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அந்தப் படத்தை அவரிடம் காட்டவில்லை. மிளகாயின் அடியிலேயே அதை விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். வேலையாக ஒருமுறை கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டியிருந்தது. ஐப்பசி. தூறிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் நடைமேடையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பொன்னேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூரைக்கடியில் ஒதுங்கி நின்று பேசினோம். அதே யார்டில்தான் வேலை. கை நடுக்கம் அப்படியே இருக்கிறதாம். மகள் காக்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்திருக்கிறாள், அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள், அந்த வீட்டுக்குள் மழைத் தண்ணீர் ஏறாது என்பதில் இவருக்கு நிம்மதி.

போகிற போக்கில் இன்னொன்று சொன்னார். போன மாதம் ஏதோ கல்லூரியிலிருந்து பிள்ளைகள் கையில் டேப்லெட்டோடு அவர்கள் வரிசைக்கு வந்து, வெயில் மழையைப் பற்றிக் கேள்வி கேட்டார்களாம். நல்ல பிள்ளைகள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து கேட்டார்கள் என்றார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“எங்க யாருக்கும் ஒன்னியும் இல்லன்னோம்.”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான். பேசி வெச்சினோம்.”

இந்தப் பிள்ளைகளிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்ன பிறகு, அதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கே இருக்கிறது என்று பட்டது. அவர் என் மேல் கோபப்படவில்லை. தண்டவாளத்தின் அந்தப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்தார்.

“ஒரு தபா சொன்னேனே மேடம். போதாதா?”

சென்னை வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் நெரிசல். கம்பியைப் பிடித்து ஏறி, உள்ளே திரும்பி நிற்க இடமில்லாமல் முதுகைக் காட்டியபடியே போனார். அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி எண்களைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் யாருக்கும் கவலை இல்லை என்று அவர்களும் நல்ல மனதோடு எழுதிக் கொடுத்திருப்பார்கள்.